முன்பிடி விசையைக் கயிற்றால் கட்டலாமா? பேட்டரி ட்ரிம்மரின் பாகங்களும் கையாளும் முறையும்

வியாசர்பாடி மகாகவி பாரதி நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கப் பொருளாளராக இருக்கும் அம்மையார் ஒருவர் கேட்டிருக்கிறார்: சுற்றுச்சுவரை ஒட்டி ஏறத்தாழ 100 அடி நீளத்துக்கு டுராண்டா வேலி இருக்கிறது. இதுவரை தோட்டக்காரர் கத்தரியால் வெட்டிவந்தார். சென்ற மாதம் பேட்டரியில் ஓடும் ஹெட்ஜ் ட்ரிம்மர் ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். இரண்டு பிடிகளிலும் விசை இருக்கிறது; இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் ஓடுகிறது. தோட்டக்காரர் முன்பிடி விசையைக் கயிற்றால் கட்டிவிட்டு ஒற்றைக் கையால் வெட்டுகிறார். இது சரியா? கையேடு ஆங்கிலத்தில் இருப்பதால் அவரால் படிக்க முடியவில்லை. எந்தப் பாகம் எதற்கு, எப்படிக் கையாள வேண்டும் என்று விளக்க முடியுமா?

அம்மா, முதலில் அந்தக் கயிற்றை அவிழ்க்கச் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.

மணலியில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் 27 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். வளாகத் தோட்டத்தின் கருவிகளைப் பிரித்துச் சுத்தம் செய்து மீண்டும் பூட்டும் வேலையும் கடைசிப் பத்தாண்டுகள் என் கையில்தான் இருந்தது. அந்தக் காலத்தில் ட்ரிம்மரால் விரலை வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நடந்தது ஒன்றுதான்: ஒரு கை பிடியை விட்டு விலகியிருந்தது, பேட்டரியோ உள்ளேயே இருந்தது. இவை இரண்டும் ஒன்றுசேர்ந்த நொடியில்தான் காயம் பட்டது. ஆகவே உங்கள் தோட்டக்காரருக்கு நீங்கள் சொல்ல வேண்டியது மிகச் சுருக்கமானது. இயந்திரத்தில் பேட்டரி இருக்கும்வரை இரு கைகளும் பிடியில் இருக்க வேண்டும். ஒரு கைக்கு வேறு வேலை வந்தால் பேட்டரி வெளியே வந்துவிட வேண்டும். கீழே நான் எழுதுவதெல்லாம் இதற்கான விளக்கம்தான்.

இரண்டு விசைகளை வைத்திருப்பது உங்களைத் தொல்லைப்படுத்துவதற்காக அன்று. இவ்வகை இயந்திரங்களில் பிளேடு நிமிடத்துக்குச் சுமார் 2,500 முதல் 3,000 முறை முன்னும் பின்னும் ஓடும். 2,700 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு 45 முறை. விரலில் பட்டது தெரிந்து கையை இழுக்கக் கால் நொடிதான் ஆகிறதென்றாலும் அதற்குள் பிளேடு பதினொரு முறை கடித்திருக்கும். எவ்வளவு விழிப்பான ஆளாலும் இந்த வேகத்தை முந்த முடியாது. அதனால்தான் கையை விழிப்பை நம்பி விடாமல், பிளேடு ஓடும்போது இரண்டு கைகளும் வேறோர் இடத்தில் கட்டாயமாக இருக்கும்படி இயந்திரத்தை வடிவமைத்திருக்கிறார்கள். பின்பிடியில் ஒரு கை, முன்பிடியில் ஒரு கை. எதை விட்டாலும் மோட்டார் நின்று, ஏறத்தாழ ஒரு நொடிக்குள் பிளேடும் அசையாமல் நிற்க வேண்டும். உங்கள் தோட்டக்காரர் இத்தனை ஆண்டுகள் பிடித்த பழைய கத்தரியும் இரண்டு கைகளால் பிடிக்கும் கருவிதான் என்பதை அவருக்கு நினைவூட்டுங்கள்.

நான் வேலையில் இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் முன்பிடி விசையைக் கட்டுக்கம்பியால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டியிருந்தார். கறுப்புப் பிடியில் கறுப்பு டேப் என்பதால் எங்கள் யார் கண்ணிலும் அது படவில்லை. காகிதப்பூ வேலியில் ஒரு முள்கிளை பிளேடின் பற்களுக்குள் சிக்காமல் வளைந்து நழுவிக்கொண்டே இருந்தது. அவர் இடக்கையால் அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வலக்கையால் இயந்திரத்தைக் கொடுத்தார். கிளை அறுந்ததும் அதுவரை அதன்மேல் சாய்ந்திருந்த இயந்திரத்துக்குத் தாங்கல் போய்விட்டது. ஒற்றைக் கையில் இருக்கும் ட்ரிம்மருக்கு மூக்குப் பக்கம் பாரம். அது சரிந்த திசையில் அவருடைய இடக்கை இருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் நுனிக்கணுவில் கிழிந்தன. அவர் கையுறை போடாமல் இல்லை. நூலால் பின்னிய மலிவான கையுறை அது; அதன் இழை பல்லில் சுற்றிக்கொண்டு விரலை மேலும் உள்ளே இழுத்தது. அன்று முதல் பிடியில் டேப் ஒட்டிய எந்தக் கருவியையும் பிரித்துப் பார்க்காமல் நான் வெளியே விட்டதில்லை.

இனிப் பாகங்களுக்கு வருகிறேன். பிளேடு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது ஒன்றின்மேல் ஒன்று படிந்த இரண்டு எஃகுப் பட்டைகள். மலிவான சில இயந்திரங்களில் ஒரு பட்டை அசையாமல் இருக்க மற்றது மட்டும் ஓடும். நல்லவற்றில் இரண்டுமே எதிரெதிர்த் திசையில் ஓடும். ஒன்றின் அதிர்வை மற்றது ஈடுசெய்வதால் கை மரத்துப்போவது குறையும். பட்டைகளை உற்றுப் பார்த்தால் கூரிய பற்களைத் தாண்டி மழுங்கிய நுனி கொண்ட சீப்புப் பற்கள் சற்றே வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவை வெட்டுவதற்காக அமைந்தவை அல்ல. தொடையோ முழங்காலோ தவறிப் பிளேடில் உரசினால் கூரிய பல் சதையைத் தொடாமல் மழுங்கிய நுனி தள்ளி நிறுத்துவதற்காக அவற்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. தொடை அந்த இடுக்கில் நுழையாது, விரல் நுழையும். பிளேடைத் தீட்டுகிறேன் என்று சொல்லி இந்த மழுங்கிய நுனிகளையும் சேர்த்து அரத்தால் தேய்த்துக் கூராக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைச் செய்ய விடாதீர்கள்.

பற்களுக்கு இடையிலான இடைவெளியைப் பெட்டியில் 16 மி.மீ., 18 மி.மீ., 20 மி.மீ. என்று அச்சிட்டிருப்பார்கள். 16 மி.மீ. இடைவெளியில் 16 மி.மீ. கிளையை வெட்டலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. பச்சைத் தளிர்க்கிளை என்றால் அந்த இடைவெளியில் முக்கால் பங்குவரை போகும். காய்ந்து கட்டையானது என்றால் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நான் தோட்டக்காரர்களுக்குச் சொல்லும் கணக்கு, பென்சில் பருமன்வரை தயங்காமல் வெட்டலாம், கட்டைவிரல் பருமன் வந்தால் இயந்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கவாத்துக் கத்தரியை எடுக்க வேண்டும் என்பது. டுராண்டாவை நாலைந்து ஆண்டுகள் மேலே மட்டும் வெட்டிவந்திருந்தால் உள்ளே கட்டைவிரல் பருமனில் முண்டுகள் உருவாகியிருக்கும். இயந்திரம் திணறி நிற்பது பெரும்பாலும் அவற்றில்தான்.

பிளேடுக்குப் பின்னால் அலுமினியத் தகட்டால் மூடிய வயிற்றுப்பகுதி ஒன்று இருக்கும். அதுதான் கியர் பாக்ஸ். மோட்டாரின் சுழற்சியைப் பல்சக்கரங்கள் வேகம் குறைத்து வாங்கி, மையம் விலகிய ஒரு வட்டத்தகட்டின் வழியாக முன்பின் ஓட்டமாக மாற்றுகின்றன. தையல் மிஷினில் சக்கரம் சுற்ற ஊசி மேலும் கீழும் போவதை நினைத்துக்கொண்டால் போதும். இதற்குள் இருக்கும் கிரீஸ் நெடுநாள் தாங்கும். வீட்டில் திறக்க வேண்டியதில்லை. மோட்டாரில் கார்பன் பிரஷ் (சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) உள்ள வகை, பிரஷ் இல்லாத வகை என்று இரண்டு உண்டு. முன்னதில் சில ஆண்டுகளில் பிரஷ் தேய்ந்து தீப்பொறியும் கருகல் வாடையும் வரும். பிரஷை மாற்றினால் சரியாகிவிடும். முன்பிடிக்கும் பிளேடுக்கும் நடுவே நிற்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தடுப்பு, கை முன்னால் வழுக்காமல் காப்பது. வேலை செய்யும்போது பார்வையை மறைக்கிறது என்று அதைக் கழற்றி வைப்பவர்கள் உண்டு. அதைத் திரும்பப் பூட்டாமல் இயந்திரத்தைத் தொடக் கூடாது. உடம்பின் பக்கவாட்டில் உள்ள காற்றுத் துளைகள் இலைத்தூளால் அடைபடாமல் இருக்க வேண்டும். பிளேடின் உறையைத் தூக்கி எறியாமல் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். இவற்றில் விளக்குவதற்கு அதிகம் இல்லை.

பேட்டரியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் குழப்பம் அதில்தான் அதிகம். ஒரு பெட்டியில் 18 வோல்ட் என்றும் இன்னொன்றில் 20 வோல்ட் மேக்ஸ் என்றும் எழுதியிருப்பதைப் பார்த்துப் பின்னது பலம் கூடியது என்று பலர் காசு அதிகம் கொடுக்கிறார்கள். இரண்டுமே உள்ளே ஐந்து லித்தியம் அயான் செல்களை வரிசையாக இணைத்த பேட்டரிகள். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாக சார்ஜ் ஏறிய செல் 4.2 வோல்ட் வரை போகும் என்பதால் ஐந்துக்கு 21. அந்த உச்சத்தைச் சற்றுக் குறைத்து 20 என்று விளம்பரப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியது ஆம்பியர்-மணி, அதாவது பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் என்ற அளவு. 18 வோல்ட், 2 ஆம்பியர்-மணி என்றால் 36 வாட்-மணி ஆற்றல். இயந்திரம் சராசரியாக 100 வாட் இழுக்கிறது என்று வைத்தால் சுமார் 20 நிமிடம் ஓடும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி அதைப் போல இரண்டு மடங்கு ஓடும், ஆனால் எடையும் கூடும். உங்கள் 100 அடி வேலிக்கு 2 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதே என் தேர்வாக இருக்கும். ஒன்று தீர்ந்ததும் ஆளுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

பேட்டரிதான் இந்த இயந்திரத்தின் உண்மையான சுவிட்ச் என்பதை மனத்தில் இருத்துங்கள். வயரோடு கூடிய இயந்திரத்தில் பிளக்கைப் பிடுங்கும் பழக்கம் எல்லாருக்கும் உண்டு. பேட்டரி இயந்திரத்தில் பிடுங்க எதுவும் தொங்குவதில்லை என்பதால், விசையை விட்டதுமே அணைந்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். அது அணையவில்லை, காத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்துக் கொக்கியை அழுத்திப் பேட்டரியை உருவி எடுக்க மூன்று நொடி ஆகும். பல்லில் சிக்கிய குச்சியை எடுக்கும்போதும், உறையைப் போடும்போதும் கழற்றும்போதும், ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றும்போதும், தண்ணீர் குடிக்கப் போகும்போதும் அந்த மூன்று நொடியைச் செலவிட வேண்டும். உருவிய பேட்டரியைச் சாவிக்கொத்தும் சில்லறையும் கிடக்கும் சட்டைப் பையில் போடக் கூடாது. முனைகளை உலோகம் இணைத்துவிட்டால் பை தீப்பற்றக்கூடும்.

தினமும் வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். பிளேடு எதிலும் படாதபடி நீட்டிப் பிடித்து, இரு விசைகளையும் அழுத்தி ஓடவிட வேண்டும். பின்னர் முன்விசையை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும், நிற்க வேண்டும். மீண்டும் ஓடவிட்டுப் பின்விசையை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும், நிற்க வேண்டும். இரண்டில் ஒன்றில் நிற்காமல் ஓடினாலும், நின்றாலும் ஒரு நொடிக்கு மேல் இழுத்துக்கொண்டே போனாலும் அந்த இயந்திரம் அன்று வேலிக்குப் போகாமல் ரிப்பேருக்குப் போக வேண்டும். கடையில் வாங்கும்போதும் இதே சோதனையைச் செய்யலாம். பாரிமுனைக் கடைத்தெருக்களில் கிடைக்கும் பெயர் தெரியாத சில மலிவுச் சரக்குகளில் முன்பிடி வெறும் பிளாஸ்டிக் வளையமாகவே இருக்கிறது, அதில் விசையே இல்லை. அவற்றை ஒற்றைக் கையால் ஓட்ட முடிகிறது என்பதை ஒரு வசதியாகச் சொல்லி விற்கிறார்கள்.

அடுத்து, வெட்டும் முன் வேலியைக் கண்ணால் ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். நம் பகுதிக் குடியிருப்புகளில் சுற்றுச்சுவர் வேலிக்குள் என்னென்ன ஓடும் என்று சொல்ல முடியாது: கேபிள் டிவி வயர், இன்டர்நெட் வயர், சென்ற பொங்கலுக்குச் சுற்றிய சீரியல் விளக்கு, மோட்டார் அறைக்குப் போகும் 230 வோல்ட் இணைப்பு, துணி உலர்த்தக் கட்டிய கம்பி. இயந்திரம் பேட்டரியில் ஓடுகிறது, ஆகவே ஷாக் அடிக்காது என்று நினைப்பது பெரிய தவறு. பேட்டரியின் 18 வோல்ட்டால் ஆபத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் மின்னோட்டம் உள்ள வயரைப் பிளேடு கடித்துவிட்டால் பிளேடும் அதனோடு தொட்டிருக்கும் எல்லா உலோகப் பாகங்களும் 230 வோல்ட் ஏறியவை ஆகிவிடும். எனவே வேலிக்குள் போகும் இணைப்புகளின் மெயினை அணைத்துவிட்டே தொடங்க வேண்டும். கை பிளாஸ்டிக் பிடியில் மட்டுமே இருக்க வேண்டும். கைத்தடி ஒன்றால் வேலியை அடியிலிருந்து தட்டிக்கொண்டு போவதும் நல்லது. ஓணான் ஓடும், பாம்பிருந்தால் விலகும், குளவிக் கூடிருந்தால் ரீங்காரத்தில் தெரிந்துவிடும். தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கூடு கட்டியிருந்தால் அந்த மூன்றடியை விட்டுவிடுங்கள், ஒரு மாதத்தில் குஞ்சு பறந்துவிடும்.

என்ன செடி என்பதும் முக்கியம். உங்கள் டுராண்டாவின் மஞ்சள் காய்கள் பார்க்க அழகானவை, ஆனால் நச்சுத்தன்மை கொண்டவை. வெட்டிய கழிவில் அவை உதிர்ந்து கிடந்தால் குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளக் கூடும் என்பதால் அன்றே கூட்டி அள்ளிவிட வேண்டும். வேலியில் எங்காவது அரளி கலந்திருந்தால் அதன் பால் கண்ணிலும் வாயிலும் படக்கூடாது, கழிவை எரிக்கவும் கூடாது. திருகுகள்ளி இருந்தால் அதை இயந்திரத்தால் தொடவே வேண்டாம். அதன் பால் தெறித்துக் கண்ணில் பட்டால் கண்மணியின் மேற்பரப்பே புண்ணாகிவிடும். இந்த இயந்திரம் நொடிக்கு 45 முறை தெறிக்க வைக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

உடைக்கு வருவோம். கண்ணாடி கட்டாயம், வெயிலுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடியைச் சொல்லவில்லை, பக்கங்களும் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியைச் சொல்கிறேன். மடித்துக் கட்டிய லுங்கியும் தோளில் போட்ட துண்டும் வேண்டாம். பெண் தொழிலாளர்கள் புடவைமேல் முழுச்சட்டை போட்டு முந்தானையை உள்ளே செருகிக்கொள்ள வேண்டும். ஹவாய் செருப்புக்குப் பதில் பாதத்தை மூடும் காலணி வேண்டும். கையுறை தோலால் ஆனதாகவும் விரலோடு ஒட்டியதாகவும் இருக்க வேண்டும், அதுவும் முள்ளுக்காகத்தானே தவிர ஓடும் பிளேடைத் தாங்கும் என்பதற்காக அன்று. இயர்போன் வயர் கழுத்தில் தொங்கக் கூடாது.

இப்போது வெட்டுதல். வேலியின் இரு முனைகளிலும் குச்சி நட்டு, வேண்டிய உயரத்தில் நூல் கட்டிக்கொண்டால் மட்டம் தவறாது. பக்கவாட்டை முதலில் வெட்ட வேண்டும், அதையும் கீழிருந்து மேலாக வில் வளைவதுபோல் வீச வேண்டும். அப்போது வெட்டுண்டவை வெளிப்புறம் விழும், பிளேடும் உடம்பை விட்டு விலகியே போகும். மேலிருந்து கீழாக வீசினால் வீச்சின் முடிவில் பிளேடு முழங்காலை நோக்கி வரும். பக்கத்தை வெட்டும்போது அடி சற்று அகலமாகவும் தலை சற்றுக் குறுகலாகவும் விட்டால் அடியிலும் வெயில் பட்டு இலை நிற்கும். அடி மொட்டையாகிக் குச்சி தெரிவது பெரும்பாலும் இதை மறப்பதால்தான். தலைப்பகுதியை வெட்டும்போது பிளேடைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், வெட்டிச் செல்லும் திசையில் லேசாகக் கீழே சாய்த்துப் பிடித்தால் தளிர்கள் சுத்தமாக அறும். ஒரே வீச்சில் ஓர் அடி ஆழம் எடுக்கப் பார்க்காமல் புதுத்தளிரை மட்டும் எடுத்துவிட்டு, தேவையானால் இன்னொரு முறை போகலாம். இரட்டைப் பக்கப் பற்கள் கொண்ட பிளேடு போகும்போதும் வரும்போதும் வெட்டும், ஆகவே அமுக்க வேண்டியதில்லை. இயந்திரத்தை நீங்கள் தள்ள வேண்டியிருக்கிறதென்றால் பிளேடு மழுங்கிவிட்டது அல்லது கிளை பருத்துவிட்டது என்று பொருள்.

வெட்டுபவரைச் சுற்றிக் குறைந்தது பத்தடி தூரத்துக்கு யாரும் வரக் கூடாது. கழிவை அள்ளும் உதவியாள் பின்னாலேயே குனிந்துகொண்டு வருவது வழக்கம். அதைத் தவிர்த்து, ஒரு பேட்டரி தீர்ந்த பிறகு அள்ளும்படி வைத்துக்கொள்ளுங்கள். தோள் உயரத்துக்கு மேல் இயந்திரத்தைத் தூக்கக் கூடாது. ஏணியில் நின்றால் ஒரு கை ஏணியைப் பிடிக்கப் போய்விடும் என்பது உங்களுக்கே தெரியும். பிளாஸ்டிக் ஸ்டூலும் நாற்காலியும் அதைவிட மோசம். வேலி தலைக்கு மேல் வளர்ந்திருந்தால் கைக்கத்தரியாலும் வாளாலும் முதலில் தோளுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டு, இனி அந்த உயரத்தைத் தாண்டவிடாமல் பார்த்துக்கொள்வதே தீர்வு.

குச்சி சிக்கி மோட்டார் உறுமிக்கொண்டு நின்றால் இரு விசைகளையும் விட வேண்டும், பேட்டரியை உருவ வேண்டும், பிறகு பிளையராலோ வேறொரு குச்சியாலோ சிக்கியதைத் தள்ள வேண்டும். பேட்டரி இல்லாதபோதும் விரலைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இறுகிய குச்சி திடீரென்று விடுபடும்போது பட்டைகள் அரை அங்குலம் நகரும், அந்த அரை அங்குலம் கத்தரிக்கோல் மூடுவதுபோல் இருக்கும்.

மழையில் ஓட்டலாமா என்றால், கூடாது. ஈர வேலியிலும் கூடாது. இயந்திரத்துக்குள் நீர் போவது ஒரு காரணம், தரை வழுக்குவது அதைவிடப் பெரிய காரணம். வடகிழக்குப் பருவமழையில் தளிர் வேகமாகத் தள்ளும் என்பதால் அக்டோபருக்கு முன் ஒரு முறையும் தை பிறந்ததும் ஒரு முறையும் நன்றாக வெட்டினால், இடையில் லேசாகச் சீர்செய்தால் போதும். அக்கினி நட்சத்திர நாட்களில் காலை ஒன்பது மணிக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். கருவிக்கும் ஆளுக்கும் அதுவே நல்லது.

பராமரிப்பில் நம் வட சென்னைக்கென்று ஒரு தொல்லை உண்டு. நான் இருப்பது திருவொற்றியூரில். கடலுக்கும் என் வீட்டுக்கும் இடையே ஒரு நெடுஞ்சாலைதான். எண்ணெய் தடவாமல் மாட்டிய பிளேடு இங்கே ஒரே வாரத்தில் சிவந்துவிடும். வியாசர்பாடியில் அவ்வளவு இராது, என்றாலும் கடற்காற்று வரத்தான் செய்யும். வேலை முடிந்ததும் பேட்டரியை எடுத்துவிட்டு, பற்களில் ஒட்டிய பச்சைப் பிசினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பிளேடின் நீளவாக்கில், முதுகுப் பக்கமிருந்து துடைக்க வேண்டும். பல்லின் மேலாகக் குறுக்கே துடைக்கக் கூடாது. அது உலர்ந்ததும் தையல் மிஷின் எண்ணெயை இரு பட்டைகளும் சேரும் இடுக்கில் சொட்டுச் சொட்டாக விட்டு, பிறகு பேட்டரியைப் போட்டு ஐந்து நொடி ஓடவிட்டால் எண்ணெய் பரவிவிடும். ஓஸ் பைப்பால் கழுவ வேண்டாம். பேட்டரியும் இயந்திரமும் சேரும் பித்தளை முனைகளை மாதம் ஒரு முறை உலர்ந்த துணியால் துடையுங்கள். உப்புப் பச்சை படிந்தால் இயந்திரம் விட்டுவிட்டு ஓடும், மோட்டார் கெட்டுவிட்டதென்று கடைக்காரர் சொல்லக் கூடும்.

பட்டைகளின் நீளத்தில் வரிசையாகச் சில திருகுகளும் நட்டுகளும் இருக்கும். அவை தளர்ந்தால் இலை அறுபடாமல் பட்டைகளுக்கு நடுவே மடிந்து கொள்ளும். அதிகமாக இறுக்கினால் பட்டை சூடேறி நீலம் பாரிக்கும். வழக்கமான முறை, நட்டைத் தளர்த்தித் திருகை முழுதாக இறுக்கி, பிறகு கால் சுற்றுத் திரும்ப விட்டு நட்டைப் பூட்டுவது. உங்கள் கையேட்டில் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். தீட்டுவதற்குத் தட்டை அரம் போதும்; பல்லின் சரிந்த முகத்தை மட்டும், ஏற்கெனவே உள்ள கோணத்திலேயே, ஒரே திசையில் நாலைந்து இழுப்பு இழுத்தால் கூர் வந்துவிடும்.

பேட்டரியை வேலை முடிந்த சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது. அரை மணி நேரம் நிழலில் ஆறவிட வேண்டும். வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள்ளும் மொட்டைமாடிக் கொட்டகையிலும் வைக்கக் கூடாது. சார்ஜ் ஏற்றும் இடம் சிமென்ட் அல்லது டைல்ஸ் தரையாக இருக்கட்டும். காவலாளியின் மெத்தைக்கு அருகே இரவு முழுவதும் ஏற்ற வேண்டாம். இரண்டு மாதம் பயன்படாது என்றால் பாதி சார்ஜில் வைப்பது செல்களுக்கு நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எங்கள் பக்கம் புகுந்தபோது நீரில் மூழ்கிய பேட்டரி ஒன்றை எனக்குத் தெரிந்த ஒருவர் மூன்று நாள் வெயிலில் காயவைத்து சார்ஜில் போட்டார். பத்து நிமிடத்தில் பெட்டி உப்பிப் புகை வந்தது. நீரில் மூழ்கியது, உப்பியது, கீழே விழுந்து விரிந்தது என்றால் அது போனதுதான். அதை மாநகராட்சி வண்டியில் போடாதீர்கள். நசுக்கினால் தீப்பிடிக்கும் பொருள் அது, கொடுங்கையூர் குப்பைமேட்டில் தீ என்பது நமக்குப் புதிய செய்தியும் அன்று. 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி தயாரிப்பாளர் அதைத் திரும்பப் பெற வழி செய்ய வேண்டும். விற்ற கடையில் கேளுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் கையில் வெட்டு விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் உங்கள் சங்க அலுவலகச் சுவரில் இருக்க வேண்டும். சுத்தமான துணியை மடித்துக் காயத்தின்மேல் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். காபித் தூள், மஞ்சள் தூள் எதையும் அப்பக் கூடாது. விரல் துண்டாகிவிட்டால் துண்டைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, நீர் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைப் பனிக்கட்டி போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் பட்டால் திசு கருகிவிடும். உடனே 108ஐ அழையுங்கள். இந்த ஒன்றில் வட சென்னைக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. டாக்டர் ஆர். வெங்கடசாமி உருவாக்கிய கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு நம் அரசு ஸ்டான்லி மருத்துவமனையில்தான் இருக்கிறது. மணலி, எண்ணூர் ஆலைகளில் கை சிக்கியவர்களோடு நான் அங்கே போயிருக்கிறேன். நான் மேலே சொன்ன தோட்டத் தொழிலாளியும் அங்கேதான் தைத்துக்கொண்டார்; விரல்கள் இருக்கின்றன, ஆனால் மோதிர விரல் முழுதாக மடங்குவதில்லை.

உங்கள் தோட்டக்காரர் கயிறு கட்டியது சோம்பலால் இராது. டுராண்டாவின் தளிர் நீளமாகத் தொங்கும். அதை இடக்கையால் இழுத்துப் பிடித்தால்தான் பிளேடில் ஏறும் என்று கத்தரிக்காலப் பழக்கம் சொல்கிறது. இயந்திரத்தைக் கையில் எடுக்கும் முன்பே நீளக் கம்பு கொண்ட வாரியால் வேலியைக் கீழிருந்து மேலாக வாரிவிட்டால் தொங்கும் தளிரெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், இழுக்க வேண்டிய தேவையே வராது. இன்னொன்று, கனம். 60 செ.மீ. பிளேடும் பெரிய பேட்டரியும் சேர்ந்து நான்கு கிலோவை நெருங்கும்போது அறுபது வயதைத் தொட்டவரின் முன்கை அரை மணி நேரத்தில் நடுங்கத் தொடங்கும். அப்போது கை தானாகவே முன்பிடியை விட்டுவிட விரும்பும். பேட்டரி ஒன்று தீரும்வரை வேலை, அது ஆறி சார்ஜ் ஏறும்வரை அள்ளும் வேலை என்று பிரித்துக் கொடுத்து, 100 அடியை ஒரே காலையில் முடிக்கச் சொல்லாமல் இரண்டு காலைகளாக்கிப் பாருங்கள்.